நைட்டி நீளவில்லை

அம்மாவின் மருத்துவக் காகிதங்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எப்போதோ புடவை எடுத்தபோது கொடுத்த பை. அதற்குள் இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரிகள். ஒன்று 2019 டிசம்பர், வலது மணிக்கட்டு முறிவு. இன்னொன்று 2023 அக்டோபர், இடது தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. இரண்டும் வேறு வேறு மருத்துவமனைகள், வேறு வேறு கையெழுத்துகள். ஆனால் காரணம் எழுதும் இடத்தில் இரண்டிலும் ஒரே வரிதான்: வீட்டில் வழுக்கி விழுந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வரி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

விழுந்தது உண்மைதான். ஆனால் அதை ஒரு காரணம் என்று எல்லோரும் எப்படி ஒப்புக்கொண்டோம்? போன மழைக்காலத்தில் எங்கள் பள்ளி வராந்தாவில் நானும் வழுக்கி விழுந்தேன். எனக்கு 51 வயது, எடையும் கொஞ்சம் அதிகம், சிமெண்டுத் தரை. ஒரு வாரம் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் வலிக்கலாம், வீங்கலாம், நீலம் பாரிக்கலாம். நல்ல எலும்பு உடையக் கூடாது. 50 வயதைத் தாண்டியவருக்கு அப்படி உடைந்தால் விழுந்த இடத்தைப் பற்றி மட்டும் அல்ல, உடைந்த எலும்பைப் பற்றியும் கேட்டாக வேண்டும். 2019இல் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் திட்டியது நைட்டியை. விடிகாலையில் அம்மா பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போகும்போது நைட்டியின் முன்பக்கம் காலில் மாட்டி, கையை ஊன்றி விழுந்தார். "இவ்வளவு நீள நைட்டி எதுக்கும்மா உனக்கு?" என்று ஆஸ்பத்திரியிலேயே சத்தம் போட்டேன். "வாங்கறப்ப சரியாத்தான் கண்ணு இருந்துச்சு. துவைச்சுத் துவைச்சு நீண்டுபோச்சு," என்றார். மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் கை வேலை செய்தது. கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்

அம்மாவுக்கு ஏற்கெனவே "எலும்புத் தேய்மானம்" இருந்தது. அதாவது முழங்கால் வலி. படி ஏறினால் கடகடவென்று சத்தம், சம்மணம் போட முடியாது, ராத்திரி தைலம். அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் 60 வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தனக்கு எலும்புத் தேய்மானம் என்றுதான் சொல்வார். அது மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது. நான் இப்போது பேசிக்கொண்டிருப்பது வேறு. எலும்புக்குள்ளேயே சத்து வடிந்து, உள்ளே சல்லடை சல்லடையாய்ப் போவது. ஆஸ்டியோபோரோசிஸ். பாடப்புத்தகத் தமிழில் எலும்புப்புரை. நல்ல சொல், ஆனால் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலாவது வலித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வலிக்கவே வலிக்காது, உடையும் நாள் வரைக்கும். இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருப்பதால், முழங்காலுக்குத் தைலம் தடவும் பெண் தன் எலும்புக்கும் வைத்தியம் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மருத்துவரும் அவசரத்தில் "தேய்மானம்மா, வயசாச்சு இல்ல" என்றுவிட்டால் கதை முடிந்தது. வயதான எலும்பு உடையத்தானே செய்யும் என்று வீடே சமாதானமாகிவிடுகிறது.

கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம் நடந்தது. குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். கூடவே ஒரு அட்டை கால்சியம். அந்தச் சீட்டும் மஞ்சள் பையில் இருக்கிறது. குதிகாலில் ஒலியலை செலுத்திப் பார்க்கும் அந்தச் சோதனை ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாமே தவிர, அதை வைத்து நோய் உண்டு, இல்லை என்று தீர்மானிக்க முடியாது. அதற்கு இடுப்பையும் முதுகையும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். அது தெரியாததால், டெஸ்ட் எடுத்தாச்சு, மாத்திரையும் கொடுத்தாச்சு என்று அடுத்த மூன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. கால்சியம் வேண்டும்தான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வரை தேவை என்கிறார்கள். ஆனால் ஒருமுறை எலும்பு உடைந்தவருக்கு வெறும் கால்சியம் கொடுத்து அனுப்புவது, ஒழுகுகிற தொட்டியின் ஓட்டையை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றுகிற மாதிரி.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு வந்த கேள்வி

2023இல் அம்மா விழுந்தது பின்கட்டில், தண்ணீர் டிரம் பக்கத்தில். இந்த முறை எழவே முடியவில்லை. இடது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. 108 வந்து கூட்டிப்போனது. மறுநாளைக்கு மறுநாள் அறுவை சிகிச்சை, உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து. அதையெல்லாம் விவரிக்கப்போவதில்லை. பெரியவர்கள் இருக்கும் பாதி வீடுகளுக்கு அந்த வராந்தாவும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியும் தெரியும்.

நான் சொல்ல வந்தது அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரி நடந்ததை. ஒன்பதரை மணி இருக்கும். இளம் பயிற்சி மருத்துவர் ஒருத்தி, என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான், அட்டையும் பேனாவுமாக வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதெல்லாம் எல்லோரும் கேட்டதுதான். அப்புறம் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி எங்கேயாவது எலும்பு உடைஞ்சிருக்காங்களா?" மணிக்கட்டைச் சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "மாதவிடாய் எப்போ நின்னுச்சு?" 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகளையும் சேர்த்து. "அவங்க அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சிருக்கா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருந்த என் பாட்டி, கூன் விழுந்து தரையைப் பார்த்தே நடந்தவர், ஒருநாள் களத்தில் விழுந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கட்டுக்கட்டும் வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று மாதத்தில் பாட்டி போய்விட்டார். வயசாகிப் படுத்துப் போனார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வது வழக்கம்.

கடைசியாக அவள் கேட்டது: "உயரம் குறைஞ்ச மாதிரி இருக்காங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா," என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

மாற்றுத்துணி எடுக்க அன்று ராத்திரி வீட்டுக்குப் போனேன். பீரோவில் அம்மாவின் நைட்டிகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து உதறியபோது அடி ஓரத்தில் விரலுக்குத் தடிமனாக ஏதோ பட்டது. டக் பிடித்துக் கையால் தைத்திருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று நிற நூல், ஒரே நாளில் தைத்தது இல்லை. அடுத்த நைட்டியில் இரண்டு. போன தீபாவளிக்கு எடுத்ததில் டக்கே இல்லை, ஆனால் அது அளவிலேயே குட்டை. எல்லாவற்றிலும் முன்பக்கத்து டக் பின்பக்கத்தைவிட ஆழம். கட்டிலில் உட்கார்ந்து என் தையல் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு டக் அரை அங்குலம் துணியை விழுங்கியிருந்தது. மூன்று டக், ஒன்றரை அங்குலம். கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர்.

பருத்தித் துணி துவைத்தால் நீளாது, சுருங்கும். இது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? அப்பா 40 வருஷம் தறி நெய்தவர். அம்மா ராட்டையில் தார் சுற்றியே எங்களைப் படிக்கவைத்தவர். எந்த நூல் எத்தனை விரல் சுருங்கும் என்று கையால் தொட்டே சொல்லக்கூடிய வீட்டில், நைட்டி நீண்டுபோச்சு என்று ஒருவர் சொல்ல, இத்தனை பேரும் நம்பியிருக்கிறோம். துணி நீளவில்லை. தோளுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அம்மா குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறார். முதுகு முன்னால் வளைய வளைய நைட்டியின் முன்பக்கம் தாழ்ந்து காலில் மாட்டியிருக்கிறது. 2019இல் மணிக்கட்டு உடைவதற்கு முன்பே முதுகில் ஏதோ உடைய ஆரம்பித்துவிட்டது. வருஷா வருஷம் ஜூன் மாதம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாகச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து எழுதுகிறவள் நான்.

காலையில் அந்தப் பயிற்சி மருத்துவரிடம் நைட்டியையே கொண்டுபோய்க் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எழுதினாள். எடுத்தார்கள். மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் இரண்டு முதுகெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவில் இருந்தன. அம்மாவுக்கு எப்போது என்றே தெரியவில்லை. ஒரு தடவை அரிசி மூட்டையை நகர்த்தியபோது முதுகு பிடித்துக்கொண்டது, பத்து நாள் படுத்திருந்தார், வாயு என்று பூண்டுப் பால் குடித்தார். அதுவாக இருக்கலாம். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போகின்றனவாம்.

ஒரு தேய்மானம் இன்னொன்றை மறைத்தது

நடக்க ஆரம்பித்த பிறகு ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்ஸா எடுத்தோம். பத்து நிமிஷம் படுத்திருந்தால் போதும், வலி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். ஆரோக்கியமான இளம்பெண்ணின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்ற கணக்கு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. 1994இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கோடு அது. அம்மாவுக்கு உடையாத பக்கத்து இடுப்பில் மைனஸ் 3.1. முதுகில் மைனஸ் 1.6 மட்டும்தான். முதுகுதானே நசுங்கியது, அங்கே எப்படி நன்றாக இருக்கிறது என்று குழம்பினேன். எலும்பு மருத்துவர் விளக்கினார். முதுகில் மூட்டுத் தேய்மானம் இருந்தால் ஓரங்களில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருக்கும், நசுங்கிய எலும்பும் அடர்த்தியாகத் தெரியும். இயந்திரம் அதையெல்லாம் நல்ல எலும்பு என்று எண்ணிவிடும். ஆக, பேச்சில் மட்டும் இல்லை, ஸ்கேனிலும் ஒரு தேய்மானம் இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு என்றார். ஸ்கேனில் கெட்டியாகத் தெரியும், ஆனால் எளிதில் நொறுங்கும் எலும்பு. நமக்குப் பக்கத்தில் இருக்கும் தர்மபுரியை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது. அம்மாவுக்கு ஸ்கேனே தேவையில்லாமல் 2019இலேயே வைத்தியம் தொடங்கியிருக்கலாமாம். ஃபிராக்ஸ் என்று ஒரு கணக்கீடு இருக்கிறது, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவாக்கியது. வயது, எடை, உயரம், முன்பு எலும்பு உடைந்ததா, பெற்றோருக்கு இடுப்பு உடைந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை, முடக்குவாதம், புகை, குடி என்று கேட்டு, அடுத்த 10 வருஷத்தில் எலும்பு முறிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். ஸ்கேன் எண் இல்லாமலும் போடலாம், இந்தியாவுக்கென்று தனிக் கணக்கும் உண்டு. என் மகன் போனிலேயே போட்டுக் காட்டினான். அந்தப் பெண் ராத்திரி ஒன்பதரைக்குக் கேட்ட கேள்விகளில் பாதி அதில் இருந்தன.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த ஒருவரை மாத்திரை இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் வீட்டுக்கு அனுப்பாது. ஆனால் இடுப்பு உடைந்தவரைக் கம்பியோ பந்தோ வைத்து, கால்சியம் எழுதி அனுப்பிவிடுகிறோம். எலும்பு மருத்துவர் முறிவைச் சேர்த்துவிட்டார், அவர் வேலை முடிந்தது. சர்க்கரை மருத்துவருக்குச் சர்க்கரை. எலும்பு ஏன் உடைந்தது என்பது யார் பொறுப்பு என்றே தெரியவில்லை. கிளாஸ்கோவில் 1990களின் இறுதியிலேயே இதற்கென்று ஒரு செவிலியரை உட்காரவைத்துவிட்டார்கள். எலும்பு உடைந்து வரும் 50 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் தேடிப்பிடித்து ஸ்கேனுக்கும் மருந்துக்கும் அனுப்புவது அவர் வேலை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு பட்டியல், ஒரு போன், விடாமல் கூப்பிடும் ஒரு ஆள். நம்மிடம் அதற்கு ஆள் இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கு யார் வீட்டில் யார் விழுந்தார்கள் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். அவர் பையில் ஒரு இஞ்ச் டேப்பையும் நாலு கேள்வியையும் சேர்த்தால் போதாதா? முழுசாகப் போதாதுதான், மேலே பார்க்க மருத்துவரும் ஸ்கேனும் வேண்டும். ஆனால் தொடங்க அதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை காப்பி

மருந்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை ஊசியாக ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் ஒன்று. இடுப்பு முறிந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் மரணங்கள் 28 சதவீதமும் குறைந்தன. மருத்துவருக்கு அதுதான் விருப்பம். முதல் ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல் வரலாம் என்று சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எனவே வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் மாத்திரை. அதற்கு முன்னால் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். வைட்டமின் டி வெறும் 11தான் இருந்தது. சேலத்து வெயிலில் இருந்துகொண்டு 11! தறிவீட்டுக்குள்ளேயே வாழ்ந்தவருக்கு வெயில் ஏது. அதை முதலில் சரிசெய்தார்கள், பல் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டச் சொன்னார்கள்.

பல் ஏன் என்று கேட்காதீர்கள், அதற்குள் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்: இந்த மாத்திரை தாடையை அழுகவைக்கும், தொடை எலும்பை உடைக்கும். இரண்டும் முழுப்பொய் இல்லை, அதனால்தான் தொல்லை. மிக அரிதாக நடக்கக்கூடியவை, பல வருஷம் தொடர்ந்து எடுத்தால் தொடை முறிவின் வாய்ப்பு சற்றே கூடும். அதற்காகத்தான் 5 வருஷம் போல எடுத்ததும் நிறுத்தலாமா, தொடரலாமா என்று மருத்துவர் பார்ப்பார். மறுபக்கத்துத் தட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சித்தியின் செய்தி சொல்லவில்லை. இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள். எங்கள் பாட்டிக்கு மூன்று மாதம்.

அம்மாவின் பிரச்சினை தாடை இல்லை, காப்பி. மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு முழுத் தம்ளர் சாதாத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். காப்பியோடோ ஆரஞ்சுச் சாறோடோ எடுத்தால் உடம்பில் சேரும் மருந்து 60 சதவீதம் குறைந்துவிடும். இரண்டுமே ஏற்காட்டில் விளைவது என்பதை அம்மா தனக்கெதிரான சதியாகவே பார்க்கிறார். பெரியம்மா வீட்டிலிருந்து வரும் தூளில், எழுந்ததும் முதல் வேலையாகக் காப்பி குடித்தே 74 வருஷம் வாழ்ந்தவர். ஞாயிறு காலை வாசலில் நாற்காலி போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "ஆச்சா?" "இன்னும் பதினொரு நிமிஷம்." "இந்தக் கடிகாரம் ஓடுதா?"

போன மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே போயிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியதும் தலை சுற்றி, பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவள், அவர் நடந்து வருவதைப் பார்த்தேன். 79 வயது. பாட்டி நடந்த அதே நடை. இதற்கு முன் எத்தனை தடவை பார்த்திருப்பேன், பார்த்து, "பாட்டி மாதிரியே இருக்கீங்க பெரியம்மா" என்று கொஞ்சியும் இருக்கிறேன். மருத்துவர் இரண்டு சின்ன சோதனைகள் சொல்லிக் கொடுத்திருந்தார். நோயை முடிவு செய்ய அல்ல, சந்தேகப்பட. சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று நேராகப் பார்த்தால் பின்தலை சுவரில் பட வேண்டும். அடி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இரண்டு விரலாவது நுழைய வேண்டும்.

பெரியம்மாவைச் சுவரோரம் நிறுத்தினேன். "என்னடி இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம்," என்று சிரித்துக்கொண்டே நின்றார். தலை சுவரில் படவில்லை. இடைவெளியில் என் நாலு விரலும் நுழைந்தது. விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு விரல் வைக்கவே இடமில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. பெரியம்மா திரும்பி, சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"இது மண் சுவருடி. கோணலாத்தான் இருக்கும்."

அடுத்த வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கீழே வரச் சொல்லிவிட்டு வந்தேன். ஸ்கேனுக்கு என்று சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு புடவை எடுக்க வேண்டும், கூட வாங்க என்று சொல்லியிருந்தேன்.